வாத்தியார், கோவில்பிள்ளை, ஆர்கன்காரர்

1854 டிசம்பர் 30. ஆஸ்திரியாவில் ஹலைன் என்ற உப்புச் சுரங்க ஊரில் 67 வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதுகிறார். கோர்ட்டு கேஸ் எதுவும் இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தான் போட்ட மெட்டு தன்னுடையதுதான் என்று அவர் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதைக்கூட உரிமை கோருகிறவரின் தொனியில் எழுதவில்லை. அன்றைக்கு ஓபெர்ன்டார்ஃப் கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிரான்ஸ் குரூபர், அதே சமயம் ஆர்ன்ஸ்டார்ஃபில் பள்ளி ஆசிரியரும்கூட என்று, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்.

அந்த மெட்டு நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'சைலண்ட் நைட்'. தமிழ்ச் சபைகளில் 'ஒப்பில்லா திரு இரா' என்று பாமாலைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடுகிறோம். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் டிசம்பர் மாதத்து ஜவுளிக்கடை ஒலிபெருக்கி வழியாகப் பழகிப்போன மெட்டுதான். முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடுகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஒரு ராத்திரியோடு நின்றுவிடுகிறார்கள். பனி, மெழுகுவர்த்தி, கிடார், கண்ணீர் என்று கதை முடிந்துவிடும். எனக்கு அந்த ராத்திரியைவிட அந்த மனிதர் பார்த்த வேலைதான் சுவாரஸ்யமாகப் படுகிறது. பகலில் வாத்தியார், விடியலிலும் அந்தியிலும் மணி அடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை, பூசை நேரத்தில் ஆர்கன்காரர். மூன்றையும் ஒரே ஆள் பார்த்தாக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு புரிந்தால், பாட்டு ஏன் அப்படி இருக்கிறது என்பதும் புரியும். அதை எழுதியவர் ஏன் 67 வயதில் சாட்சி சொல்ல வேண்டி வந்தது என்பதும் புரியும்.

அந்தக் காலத்து ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் கிராமத்துப் பள்ளிக்கூடம் என்பது கோவிலின் நிழலில் நடந்த காரியம். பேரரசி மரியா தெரசா 1774இல் பொதுப் பள்ளிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்றார். சட்டம் போட்டாயிற்று, வாத்தியாருக்குச் சம்பளம்? அதற்கு அரசாங்கம் கஜானாவைத் திறக்கவில்லை. பிள்ளைகள் கொண்டுவரும் பள்ளிக்கூடப் பணம் கொஞ்சம். பெற்றோருக்கே வழியில்லை என்றால் அதுவும் வராது. ஆகவே வாத்தியாரின் வயிற்றைக் கோவில் வேலைதான் நிரப்பியது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காணிக்கை. மணி அடிப்பதற்கு அறுவடையில் இத்தனை கதிர்க்கட்டு. கொஞ்சம் விறகு, கொஞ்சம் தோட்டம், இருக்க ஒரு வீடு. அந்த வீடும் பெரும்பாலும் பள்ளிக்கூடமேதான்: கீழே வகுப்பு, மற்ற அறைகளில் குடித்தனம்.

காலையில் மணி, மதியம் மணி, அந்தி மணி. கோடையில் இடியும் ஆலங்கட்டியும் திரண்டால் அதற்கும் ஓடிப்போய் மணி அடிக்க வேண்டும். மணிச் சத்தம் புயலை விரட்டும் என்பது குடியானவர்களின் நம்பிக்கை. பீடத்துத் துணிகளை வெளுத்து மடிக்க வேண்டும் (இதை வாத்தியார் மனைவி செய்வாள், சம்பளக் கணக்கில் அவள் பெயர் இருக்காது). எண்ணெய் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமியார் நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோனால் கூடப் போக வேண்டும். இதற்கு நடுவில் எல்லா வயதுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு எழுத்து, வாசிப்பு, கணக்கு, ஞானோபதேசம். பனிக்காலத்தில் அறை நிரம்பி வழியும். வெயில் வந்தால் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவார்கள்.

பாட்டு? அது வாத்தியார் தகுதியில் ஒரு பகுதி. பிள்ளைகள்தான் கோவிலில் பாட வேண்டும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது வாத்தியார். ஆர்கன் தெரியாதவருக்கு நல்ல ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைப்பது சிரமம். ஐரோப்பிய இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அரண்மனைகளைச் சுற்றியே எழுதுவார்கள். ஆனால் பெரிய இசையமைப்பாளரான சூபர்ட்டின் அப்பா பள்ளி ஆசிரியர். மகனும் சில வருடம் அதே பள்ளியில் பிள்ளைகளை மேய்த்தவர்தான். பின்னாளில் மாபெரும் சிம்பொனிகள் எழுதிய அந்தோன் புரூக்னர், அப்பாவும் தாத்தாவும் கிராமத்து வாத்தியார்களாக இருந்த வீட்டில் பிறந்தார். 1841இல் விண்ட்ஹாக் என்ற கிராமத்துக்கு உதவி ஆசிரியராகப் போனபோது, விடியுமுன் மணி அடிப்பதோடு வயலில் எரு போடுவதும் அவர் வேலையில் அடக்கம். அந்த நாட்டின் சங்கீதத்தில் பாதி இப்படிப்பட்ட வீடுகளில் முளைத்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ரொம்ப மிகை இல்லை.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் வந்த புதிதில் வாரநாளில் பள்ளிக்கூடமாக இருந்த அதே ஓலைக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை கோவில். வாரநாளில் 'அ'னா எழுதவைத்தவரே ஞாயிறன்று ஜெபம் நடத்தி, பாட்டுக்கு எடுப்பு எடுத்துக் கொடுப்பார். உபதேசியார் என்றும் வாத்தியார் என்றும் மாறி மாறி அவரையே கூப்பிடுவார்கள். குரூபரை நினைக்கும்போது எனக்கு வருகிற உருவம் அந்த ஓலைக் கொட்டகை மனிதருடையது.

குரூபர் பிறந்தது 1787 நவம்பர் 25. ஊர் ஹோக்பர்க், மேல் ஆஸ்திரியாவின் மேற்கு ஓரம். அப்பா லினன் துணி நெய்கிற தறிக்காரர். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் 'கொன்ராட் சவேரியார்' என்று இருக்கிறது. பிறகுதான் ஃபிரான்ஸ் சவேரியார் ஆனார். ஆம், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1540களில் நடந்து திரிந்த அதே பிரான்சிஸ் சவேரியாரின் பெயர்தான்.

தறிக்குடும்பத்தில் பிள்ளை என்றால் இன்னொரு ஜோடிக் கை. அவன் கையை ஆர்கன் கட்டையில் வைக்க அப்பாவுக்கு மனமில்லை. ஊர் வாத்தியார் ஆந்திரேயாஸ் பீட்டர்லெக்னர் பையனைக் கண்டுபிடித்து, அப்பாவுக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்று கதை. வீட்டில் பயிற்சி செய்யக் கருவி கிடையாது. ராத்திரியில் சுவரின் இடுக்குகளில் மரத்துண்டுகளைச் செருகி, அதையே ஆர்கன் கட்டையாக நினைத்து விரலை ஓட்டிப் பழகுவானாம். சத்தம் வராத ஆர்கன். பிறகு ஒரு நாள் பீட்டர்லெக்னர் நோயில் படுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பையன் ஏறி உட்கார்ந்து பூசை முழுக்க வாசித்தான். ஊர் வாயைப் பிளந்தது. அப்பா மனம் இறங்கினார். இதெல்லாம் பின்னாளில் பெரிய மனிதர்களைச் சுற்றி வளர்கிற கதைகளின் அச்சில் இருக்கிறது, எடை போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரில் செருகிய மரத்துண்டை மட்டும் எனக்கு விட மனமில்லை. நிச்சயமாகத் தெரிவது இது: பதினெட்டு வயது வரை தறியில்தான் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். பக்கத்து பர்க்ஹவுசன் ஊர் ஆர்கன்காரர் கியோர்க் ஹார்ட்டோப்லரிடம் இசையைச் சற்று ஒழுங்காகக் கற்றார்.

1807இல், இருபது வயது நிரம்புமுன், ஆர்ன்ஸ்டார்ஃபில் வேலை கிடைத்தது. சால்ஸ்பர்க் நகருக்கு வடக்கே, மாதா கோவில் ஒன்றைச் சுற்றி உருவான சின்னக் கிராமம். வேலையோடு 1771இல் கட்டிய பள்ளிக்கூட வீடும் கிடைத்தது. வீட்டோடு ஒரு மனைவியும் கிடைத்தாள் என்று சொன்னால் கேலியாகப் படும், ஆனால் நடந்தது அதுதான். அந்த வீட்டில் முன்பு இருந்த வாத்தியாரின் விதவை எலிசபெத், அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர், பிள்ளைகளும் உண்டு. அவரைத்தான் குரூபர் மணந்தார். அந்த நாளில் இது அசாதாரணமில்லை. விதவைக்குப் பென்ஷன் கிடையாது. வீடு வேலைக்குச் சொந்தம். புதிய வாத்தியார் விதவையைக் கட்டிக்கொண்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வராது, ஊருக்கும் செலவில்லை. வருகிறவருக்கோ பீடத்துணி வெளுக்கத் தெரிந்த, வீட்டின் மூலை முடுக்கு அறிந்த துணை. காதல் இருந்ததா என்று கேட்டால் பதிவேடுகள் பதில் சொல்லாது. எலிசபெத் 1825இல் இறக்கும்வரை பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் சிறுவயதிலேயே போய்விட்டன.

இந்தப் பள்ளிக்கூட வீட்டை விட்டு நகராமலேயே குரூபர் நாடு மாறிக்கொண்டிருந்தார். சால்ஸ்பர்க் பேராயர்களே அரசர்களாக இருந்த ஆட்சி 1803இல் முடிந்தது. பிறகு ஆஸ்திரியா வந்தது. நெப்போலியன் போர்களில் 1809இல் பிரெஞ்சுக்காரர்கள், 1810இல் பவேரியா, 1816இல் மறுபடி ஆஸ்திரியா. ஒவ்வொரு மாற்றத்திலும் பள்ளி மேலதிகாரி மாறுவார், விதிமுறை மாறும். மணி அடிக்கிற நேரம் மட்டும் மாறாது.

1816ஆம் வருடம் இன்னொரு வகையிலும் மோசமானது. அதற்கு முந்தின வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துத் தள்ளிய தூசு வானத்தை மறைக்க, ஐரோப்பாவுக்குக் கோடை வரவில்லை. பயிர் போயிற்று, தானிய விலை ஏறிற்று. கதிர்க்கட்டில் கூலி வாங்குகிற வாத்தியாருக்கு அது நேரடியாகச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்த அடி. அந்த வருடம்தான் குரூபர், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓபெர்ன்டார்ஃபில், புனித நிக்கோலாஸ் கோவில் ஆர்கனையும் வாசிக்க ஒப்புக்கொண்டார்.

ஓபெர்ன்டார்ஃப் உப்புப் படகுக்காரர்களின் ஊர். மேலே ஹலைனில் வெட்டி எடுத்த உப்பு சால்ட்சாக் ஆற்றில் படகேறி வரும். இங்கே ஆறு வளைந்து, பாறையும் வேகமுமாக ஓடும் இடத்தைக் கடத்திவிடுவதுதான் இவர்கள் பிழைப்பு. கோவில் மாலுமிகளின் பாதுகாவலரான நிக்கோலாஸ் பெயரில் இருப்பது அதனால்தான். இந்த ஊர் அதுவரை எதிர்க்கரையில் இருந்த லாஃபென் நகரத்தின் புறஊராகவே இருந்தது. 1816 உடன்படிக்கையில் ஆற்றை எல்லையாக்கினார்கள்: லாஃபென் பவேரியாவுக்கு, ஓபெர்ன்டார்ஃப் ஆஸ்திரியாவுக்கு. தாய்க்கோவில், சந்தை, கல்லறை எல்லாம் ஒரே நாளில் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. ஓபெர்ன்டார்ஃப் தனிப் பங்காயிற்று. புதுப் பங்கு என்றால் காசில்லாத பங்கு என்று அர்த்தம். முழுச் சம்பளத்துக்கு ஆர்கன்காரர் வைக்க வக்கில்லாத இடத்தில் பக்கத்துக் கிராமத்து வாத்தியார் நடந்து வந்து வாசித்துவிட்டுப் போனார். வாக்குமூலத்தில் 'அந்தப் பணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்' என்று குரூபர் கவனமாகச் சொல்வதன் பின்னணி இது.

அடுத்த வருடம் அங்கே உதவிச் சாமியாராக வந்தவர் யோசப் மோர். சால்ஸ்பர்க் நகரத்தில் பின்னல் வேலை செய்து பிழைத்த தாய்க்கு, கல்யாணமில்லாமல் பிறந்தவர். அப்பா படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய். இப்படிப் பிறந்தவர் குருவாக வேண்டுமானால் அன்றைக்குத் திருச்சபையின் தனி அனுமதி தேவை, வாங்கித்தான் ஆனார். நல்ல குரல், கிடார் வாசிப்பார், படகுக்காரர்களோடு சரிக்குச் சமமாகப் பேசுவார். மேலதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1816இல் மரியாப்ஃபார் என்ற மலையூரில் இருந்தபோது எழுதிய ஆறு பத்திக் கவிதை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். 1818 டிசம்பர் 24 அன்று அதைக் குரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலும் கூட்டுக்குரலும் பாட, கிடாரோடு சேர்கிறமாதிரி ஒரு மெட்டு போட்டுத் தாருங்கள் என்றார். குரூபர் அன்று மாலையே கொடுத்துவிட்டார். நள்ளிரவு விழாவில் மோர் தாரஸ்தாயிக் குரலும் கிடாரும், குரூபர் கீழ்க்குரலும். எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று குரூபர் எழுதுகிறார். இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கிடார் என்ற கதையை எத்தனை கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். குரூபரின் தாளில் எலியும் இல்லை, ஆர்கன் ஓடவில்லை என்ற பேச்சும் இல்லை. ஆர்கன் நல்ல நிலையில் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். 1825இல் அதை எடுத்துவிட்டுப் புது ஆர்கன் வைத்தார்கள். ஆனால் கிடாருக்குக் காரணம் தேட எலி வரை போக வேண்டியதில்லை. கேட்டவர் கிடார் வாசிக்கிறவர், கேட்டது கிடாருக்கு. மனிதர்கள் ஏன் எலியை இவ்வளவு விரும்புகிறார்கள்? மேதைமைக்கு விபத்து ஒன்று தேவைப்படுகிறது போலும்.

மெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். டி மேஜர் சுருதி, கிடாருக்குக் கை தாராளமாகப் படியும் சுருதி. ஆறு-எட்டுத் தாளம், நம் கணக்கில் திஸ்ர நடை என்று வைத்துக்கொள்ளலாம், தூளியை ஆட்டுகிற அசைவு. தென் ஜெர்மானிய, இத்தாலியக் கிராமங்களில் மேய்ப்பர் பாட்டுக்கும் மார்கழித் தாலாட்டுக்கும் பழகிப்போன அச்சு அது. ஸ்வரங்கள் இரண்டு மூன்று கார்டுகளுக்குள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கட்டுகள்) அடங்கிவிடுகின்றன. முதல் வரியின் ஸ்வரக்கோப்பு அப்படியே திரும்ப வருகிறது. இரண்டாம் வரி மேலே எழுந்து, அதேபோன்ற அசைவை ஒரு படி கீழே திரும்பச் சொல்கிறது. அப்புறம் ஒரு வரி வந்து, அதுவும் இருமுறை. ஒரு தடவை கேட்ட பிள்ளை அடுத்த தடவை கூடப் பாடிவிடும். இரண்டாம் குரல் முதல் குரலுக்குக் கீழே ஒட்டியபடியே நகர்கிறது. மலைநாட்டுக் குடியானவர்கள் ஒத்திகை இல்லாமலேயே இப்படித்தான் சேர்த்துப் பாடுவார்கள். கடைசி வரியைக் கூட்டுக்குரல் திரும்பச் சொல்கிறது.

பதினோரு வருடமாக நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் கை இதில் தெரிகிறது. எது ஒரே மாலையில் பாடமாகும், எது ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மாலையில் கையில் கிடைத்து நள்ளிரவில் பாட வேண்டிய பாட்டு அது. பயிற்சி பெற்ற நகரத்து இசைஞர் ஒருவர் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது செய்திருப்பார். செய்திருந்தால் அது அந்த ஆற்றங்கரையைத் தாண்டியிருக்காது என்பது என் துணிபு.

அது தாண்டிய விதமும் வேலை வழியாகத்தான். ஆர்கன் பழுது பார்க்கவும் கட்டவும் டிரோல் மலைநாட்டின் சில்லர்டால் பள்ளத்தாக்கிலிருந்து வந்துபோன கார்ல் மௌராஹர் பாட்டைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அந்தப் பள்ளத்தாக்கில் கையுறை, துணி விற்கத் தூரதேசம் போகிற குடும்பங்கள் உண்டு. சந்தைகளில் கூட்டம் சேர்க்கப் பாடுவார்கள். அவர்களில் ஸ்ட்ராசர் குடும்பம் 1830களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரத்தில் பாடியது. ரைனர் குடும்பம் 1839இல் நியூயார்க்கில் டிரினிட்டி கோவில் வாசலில் பாடியது. டிரெஸ்டன் நகரில் அச்சிட்டார்கள்: 'அசல் டிரோல் பாடல்கள்' என்று தலைப்புப் போட்டு. எழுதியவர் பெயரோ மெட்டுப் போட்டவர் பெயரோ இல்லை. நாட்டுப்பாடலுக்கு ஏது ஆசிரியர்? கடைசிப் பகுதியின் ஸ்வரங்களும் வாய் மாறி வாய் மாறிக் கொஞ்சம் மாறிவிட்டன. இன்று நாம் பாடுவது குரூபர் எழுதியது அப்படியே அல்ல. மோரின் ஆறு பத்திகளிலும் பெரும்பாலும் முதலாவது, ஆறாவது, இரண்டாவது என்ற வரிசையில் மூன்றுதான் மிஞ்சின.

ஒரு காசு வரவில்லை. வரவேண்டும் என்று குரூபர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அவருக்குக் கவலைகள் வேறு இருந்தன. ஓபெர்ன்டார்ஃபில் நிலையான வேலை அமையவில்லை. எலிசபெத் இறந்தபின், 1826இல், தன்னிடம் படித்த மரியா பிரைட்ஃபுஸை மணந்தார். 1829இல் ஆர்ன்ஸ்டார்ஃபை விட்டு பெர்ன்டார்ஃபுக்கு, அங்கேயும் பள்ளியும் கோவிலும். 1830களின் நடுவில் ஹலைன். இந்த நகர்வு முக்கியமானது: ஹலைனில் அவர் பாடகர் குழுத் தலைவர், ஆர்கன்காரர்; பள்ளிக்கூடம் இல்லை, மணி அடிப்பதில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபின்தான் இசையை மட்டும் வைத்துச் சோறு சாப்பிட முடிந்தது. பூசைப் பாடல்கள், லத்தீனிலும் ஜெர்மனிலும், நிறைய எழுதினார். உள்ளூர் ஆர்வலர்களைத் தவிர இன்று அவற்றை யாரும் பாடுவதில்லை.

மரியாவுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தன. நால்வர்தான் வளர்ந்து ஆளானார்கள். மரியாவே 1841இல் பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவியின் பிள்ளைகளையும் சேர்த்தால் பன்னிரண்டு பிறந்து எட்டைப் புதைத்த தகப்பன். கோவில்பிள்ளையாக இருந்த வருடங்களில் சாவு மணியும் அவரே அடிக்க வேண்டும். தன் வீட்டுச் சாவுக்கு யார் கயிற்றைப் பிடித்தார்கள் என்று யோசித்துவிட்டு அந்தத் தாலாட்டைக் கேட்டால் காதில் வேறாக விழுகிறது. ஆனால் பாட்டு அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு முந்தியது. துக்கத்தில் பிறந்த பாட்டு என்று கதை கட்ட இடமில்லை. 1842இல் மூன்றாவது கல்யாணம், கத்தரீனா விம்மர். பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்க வழியில்லாத காலம்.

இந்த இடத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர், 1864இல் மறைந்தார், குரூபர் 1863இல். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்துப் படிக்கவைத்த பிள்ளை, தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியர், சபைக்குப் பாட்டுக் கட்டியவர். வேலை ஒன்றுதான். வாழ்க்கை நேரெதிர். சாஸ்திரியார் தன் பாட்டில் தன் முத்திரையைப் பதித்தார், சரபோஜி மன்னர் வரை அறிமுகம் இருந்தது, மிஷனரிகள் தமிழ்ப் பாட்டுகளில் கைவைத்தபோது முகத்துக்கு நேரே சண்டை போட்டார், வேலையையே இழந்தார். அந்தத் தகராறில் சாதிப் பிடிவாதமும் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பாட்டை 'நாட்டுப்பாடல்' என்று அச்சடிக்க யாருக்கும் துணிவு வந்திராது. நம் மரபில் கடைசி அடியில் பெயர் வைக்கும் முத்திரை வழக்கம் வெறும் அலங்காரம் அல்ல என்பது குரூபர் கதையைப் படித்தபின்தான் எனக்கு உறைத்தது.

பேரில்லாத பாட்டு பெரிய இடத்துக்குப் போனால் பெரிய பேர் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெர்லின் அரண்மனைத் தேவாலயத்து இசைக்குழுவுக்கு இந்தப் பாட்டு பிரியமானதாகிவிட்டது. இவ்வளவு நல்ல மெட்டு சால்ஸ்பர்க் பக்கத்தது என்றால் அது மைக்கேல் ஹைடனுடையதாகத்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். பெரிய இசையமைப்பாளர் யோசப் ஹைடனின் தம்பி, தானும் இசையமைப்பாளர், சால்ஸ்பர்க்கில் வாழ்ந்து 1806இல் இறந்தவர். மூலப்பிரதி இருக்கிறதா என்று 1854இல் சால்ஸ்பர்க் புனித பேதுரு மடத்துக்குக் கடிதம் போட்டார்கள். மடத்தில் பாடிக்கொண்டு படித்துவந்த பிள்ளைகளில் ஒருவன் குரூபரின் கடைக்குட்டி ஃபெலிக்ஸ். அது எங்கள் அப்பா போட்ட மெட்டு என்றான். அப்படித்தான் அந்த டிசம்பர் 30 வாக்குமூலம் எழுதப்பட்டது. எந்த நாள், எந்தக் கோவில், யார் கேட்டார், யார் பாடினார், யார் வழியாக டிரோலுக்குப் போயிற்று என்று வரிசையாக இருக்கிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரியான நடை. மோர் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1848 டிசம்பர் 4இல், வாக்ரைன் என்ற மலையூரில் இறந்துவிட்டார். சாட்சிக்கு அவர் இல்லை.

வாக்குமூலத்தால் உடனே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் சந்தேகம் கிளப்பியவர்கள் உண்டு. கிராமத்து வாத்தியார் ஒருவருக்கு இது எப்படி வந்திருக்கும் என்பதுதான் அவர்கள் உள்ளக்கிடக்கை. குரூபர் கையால் எழுதிய பிரதிகள் பல இருந்தும், அவை பின்னாளையவை.

1863 ஜூன் 7இல் குரூபர் ஹலைனில் இறந்தார். ஆறு வருடம் கழித்து, 1869இல், ஆஸ்திரியா புதுப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்து பள்ளிகளைக் கோவில் கையிலிருந்து அரசின் கைக்கு மாற்றியது. கட்டாயக் கல்வி எட்டு வருடமாயிற்று. வாத்தியாரும் கோவில்பிள்ளையும் ஒரே ஆளாக இருந்த ஏற்பாடு அதோடு கலையத் தொடங்கியது. வாத்தியார்களுக்கு அது விடுதலைதான், சந்தேகமே இல்லை. ஆர்ன்ஸ்டார்ஃப் பள்ளிக்கூட வீடு இன்னும் நிற்கிறது, குரூபர் குடியிருந்த அறைகள் காட்சிக்கு இருக்கின்றன. ஓபெர்ன்டார்ஃப் கோவில் தப்பவில்லை. 1890களின் கடைசியில் வந்த வெள்ளங்கள் ஊரையே மேட்டுக்கு நகர்த்தின. பழைய கோவிலை இடித்துவிட்டார்கள், அது இருந்த மேட்டில் 1937இல் சின்ன நினைவுக் கோவில் எழுந்தது.

1995இல் தாள் ஒன்று கிடைத்தது. மோர் தன் கையால் எழுதியது, காலம் ஏறக்குறைய 1820களின் தொடக்கம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கிடார் பகுதியோடு முழுப் பாட்டும் இருக்கிறது. அடியில் தன் பெயரையும் கவிதை எழுதிய வருடமான 1816ஐயும் குறித்திருக்கிறார். மேலே வலது மூலையில், சிறிய எழுத்தில்: 'மெட்டு: ஃபிரா. சவே. குரூபர்'. ஹலைனில் கிழவர் உட்கார்ந்து நாளையும் ஆளையும் ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, அவருக்கான சாட்சி எங்கோ ஒரு பெட்டியில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிடந்திருக்கிறது.